தொட்டது எனக்குத் தெரிந்தது

நம் பெரிய வாத்தியார் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார்.

பழைய மாணவர் மலருக்கு ஆளுக்கு ஒரு நினைவு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். இது என்னுடையது. ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டிருக்கிறீர்கள். நம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரு கையைக் கட்டி, இன்னொரு கை விரலை வாயில் வைத்திருக்கிறார்கள். நடுவில் நாற்காலியில் பெரிய வாத்தியார். கீழே ஒருவன், "அந்த ஒழுக்கம் இப்ப எங்க இருக்கு" என்று எழுதியிருக்கிறான். அதற்கு வரிசையாகக் கைதட்டல். பழைய மாணவர் விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தும்போது அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறீர்களாம்.

அந்தப் போட்டோவில் நான் இல்லை. அது எடுக்கப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே என்னை அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெருவியாதி, அதாவது தொழுநோய், என்று சொன்னார்கள். எனக்கு அது இருந்ததே இல்லை.

நான் பிறக்கும்போதே முன்நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடி. அதற்குக் கீழே நெற்றியில் மாவிலை அகலத்துக்கு ஒரு வெள்ளை. வயிற்றில் ஒன்று. இரண்டு முழங்கைக்குக் கீழும், இரண்டு கெண்டைக்கால் முன்பக்கமும் பால் கொட்டியது போல. அந்த வெள்ளைக்குள்ளேயே அங்கங்கே பாசிப்பயறு அளவில் பழுப்புப் புள்ளிகள். பிறந்த அன்றைக்கு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இன்றைக்கும் இருக்கிறது. வளரவும் இல்லை, நகரவும் இல்லை.

என் அம்மா அதை மறைப்பதையே தன் வேலையாக வைத்திருந்தாள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து, காயவைத்து, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரிப்பாள். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பாள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்து ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொள்வாள். மூடியில் மயில் படம் போட்ட டப்பா. மற்ற பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு வைக்கிற மை எனக்குத் தலைமுடிக்கு. காலையில் என் தலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வெள்ளை முடியாக இழுத்துத் தடவுவாள். நெற்றிக்குப் பவுடரும் சாந்தும் சேர்த்து ஒரு பூச்சு.

"வெயில்ல ஆடாதடி. மை வழிஞ்சா ஊரே பாக்கும்."

வழியும். கண்ணில் இறங்கி எரியும். என் தலையணை உறை எப்போதும் கறுப்பாக இருக்கும். அந்த எண்ணெய்ப் புகை வாசம் இப்போது எங்காவது வந்தாலும் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

அப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குத்தகைக்குக் கரும்பு வைத்தவர். ஏரிப் பாசனம். அவர் தலைத்துண்டை அவிழ்த்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதும் கட்டியிருப்பார், போர்செட்டில் குளிக்கும்போதும் கட்டியிருப்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாகூருக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்டு, துண்டோடு திரும்புவார். கேட்டால் வேண்டுதல் என்பார். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை.

தோல் பார்க்கிறவர் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சைக்கிளில் வந்தார். தோளில் ஒரு பை, சட்டைப் பையில் பஞ்சு. அவர் உள்ளே நுழைவதற்கு முன்னால் பெரிய வாத்தியார் நம்மிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கெவுருமெண்டு ஆளு வந்துருக்காரு. எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, நெளிஞ்சீங்க, தோல உரிச்சிடுவேன். கையக் கட்டு. வாய்ல வெரல் வை."

வைத்தோம். வரிசையாக நிறுத்தினார். எனக்கு முன்னால் போன பையனின் முதுகில் ஒரு தேமல். வந்தவர் பஞ்சால் தொட்டதும் கூச்சத்தில் சிரித்துவிட்டான். பெரிய வாத்தியார் பின்னந்தொடையில் பிரம்பால் ஒன்று வைத்தார். அந்தச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. அந்தப் பையன் இன்று நம் குழுவில்தான் இருக்கிறான். அவனும் கைதட்டியிருக்கிறான்.

அடுத்தது நான்.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கண்ண மூடிக்கோ பாப்பா. நான் எங்க தொடுறேனோ அந்த எடத்தக் காட்டு."

கண்ணை மூடினேன். பக்கத்தில் பிரம்பு மேசையில் தட்டுகிற சத்தம். டக், டக். கெண்டைக்காலில் கோழிக்குஞ்சு உரசியது போல இருந்தது. பிறகு முழங்கைக்குக் கீழே. பிறகு பாவாடை நாடாவுக்கு மேலே வயிற்றில். கூச்சம் தாங்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"தெரியலையா பாப்பா?"

நான் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதானே உத்தரவு. மறுபடியும் தொட்டார். மறுபடியும் அடக்கினேன். கண்ணைத் திறந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் அடி வாங்கினான், நான் வாங்கவில்லை என்று நினைத்தேன். அந்தப் பெருமையைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வந்தவர் ஒரு அட்டையில் எழுதினார். நான் நன்றாகப் படிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். தலைகீழாக இருந்த எழுத்தையும் படித்துவிட்டேன். உணர்ச்சி இல்லை. தொட்டால் தெரியாமல் போவதுதான் பெருவியாதிக்கு அடையாளம்.

அவர் என் தலையைப் பார்க்கவில்லை. அம்மாவின் மை நன்றாக வேலை செய்திருந்தது. அந்த ஒரு கொத்து முடியைப் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். பிறந்ததிலிருந்தா என்று கேட்டிருப்பார். அவர் கேட்கவும் இல்லை.

மதியம் பெரிய வாத்தியார் அறைக்கு ஓடினேன். வாசலில் நம் வகுப்பில் மணி அடிக்கிறவள் நின்றிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கைபம்பு தெரிந்தது. தோல் பார்க்க வந்தவர் அங்கேதான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சைக்கிள் பம்பில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"சார், தொட்டது தெரிஞ்சிது சார். நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்க சார். அதான் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகப் பம்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரியாத ஆள் ஜன்னலைப் பார்க்க மாட்டார்.

"எழுதினது எழுதினதுதான். அடிச்சித் திருத்தச் சொல்லி அவங்கிட்ட நான் போயி நிக்கணுமா? வூட்டுக்குப் போ. நாளைக்கு அப்பன இட்டுனு வா."

மறுநாள் அப்பாவோடு போனேன். அப்பா வாசலிலேயே நின்றார்.

"சார், புள்ள தொட்டது தெரிஞ்சிதுன்னு சொல்லுது சார்."

"நான் பக்கத்துலயே நின்னேன்யா. மூணு தடவ தொட்டாரு. அதுக்குத் தெரியல. புள்ள பயத்துல இப்ப மாத்திப் பேசுது. மத்த புள்ளைங்களயும் பாக்கணுமில்ல நானு."

இதுதான் அந்தப் பொய். நான் அங்கேதான் நின்றிருந்தேன். மணி அடிக்கிறவளும் நின்றிருந்தாள்.

அப்பா துண்டின் நுனியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி சார்" என்றார்.

அதன் பிறகு பதினைந்து நாள் நான் வகுப்புக்கு வெளியே சாக்கு போட்டு உட்கார்ந்தேன். பம்பில் நான் தண்ணீர் குடித்தால் நீங்கள் பம்புக் கைப்பிடியை மண் போட்டுத் தேய்த்தீர்கள். நீங்களும் பிள்ளைகள்தான், உங்களை அதற்காகத் திட்டவில்லை. அப்புறம், குணமானதும் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே காரணத்தையும் எழுதினார்.

மாத்திரை பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்று அப்பா என்னை வில்லியனூருக்கு அழைத்துப் போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். சந்தைக்குப் பின்பக்கம் ஒரு புளியமரத்தடியில் மாதம் ஒரு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொடுப்பார்கள். அங்கேயே விழுங்கச் சொல்லி ஒரு சிவப்பு மாத்திரை. அன்றைக்கு முழுக்க மூத்திரம் சிவப்பாகப் போகும். முதல் முறை நான் சாகப் போகிறேன் என்று அழுதேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழுப்பு உருண்டைகள் வேறு. காதில் கீறிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அதற்கான ஆள் அடுத்த மாதம் வருவார் என்றார்கள். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்றார்கள்.

அந்த மரத்தடியில்தான் ஒருத்தி எனக்கு அந்த வியாதி இல்லை என்று சரியாகச் சொன்னாள். பூரணாங்குப்பம் பக்கத்துக்காரி. மீன் விற்றவள். விரல்கள் மடங்கிப் போய், கூடையைப் பிடிக்க முடியாமல் வியாபாரத்தை விட்டவள். அவளுக்குத்தான் உண்மையிலேயே அந்த வியாதி. வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என் காலில் ஒரு எறும்பு ஏறியது. வெள்ளை இருக்கிற இடத்தில்தான். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே அதைத் தட்டிவிட்டேன்.

"ஏ பாப்பா, இங்கப் பாரு. எறும்பு ஊர்னது உனுக்குத் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது அத்த."

"எனுக்கு அடுப்புக் கங்கு உழுந்தாலும் தெரியாது. பொசுங்கற நாத்தம் வந்தாத்தான் தெரியும்." என் காலைத் தன் மடங்கிய கையால் இழுத்துப் பார்த்தாள். "இது நம்முது இல்லடி. நம்முது மங்கும், இப்பிடிப் பால் மாரி வெளுக்காது. யோவ், மாத்தர குடுக்கறவரே, இந்தப் புள்ளைக்கு இன்னாத்துக்கு மாத்தர குடுக்கற?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "நீ எப்ப டாக்டர் ஆன?"

"நானு இந்த வியாதிய பன்னெண்டு வருசமா ஒடம்புல வச்சினு கீறன். நீ பையில வச்சினு கீற."

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். என் கையில் மாத்திரையை வைத்தார். அப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அப்போதும் துண்டைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அந்தப் பழுப்பு உருண்டை என்ன செய்யும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆறாவது மாதத்துக்குள் என் நல்ல தோல் எல்லாம் நிறம் மாறியது. முதலில் செம்மண். அப்புறம் சுட்ட செங்கல். முகம் முழுக்க வறண்டு செதில் விட்டது. நடுவில் அந்த வெள்ளை முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அம்மாவின் மைக்கும் பவுடருக்கும் இனி வேலை இல்லை. மயில் டப்பாவை அவள் எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. நீங்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தீர்கள். ஏரிக்கரையில் நான் வந்தால், "சூளை வருதுடா" என்று கத்துவீர்கள். அதையும் இந்த மலரில் போடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன். கடைசி நாள் அட்டையில் குணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் கால் வெள்ளை அப்படியே இருந்தது. வயிற்று வெள்ளை அப்படியே இருந்தது. எதைக் குணப்படுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியவர்களும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனார். பெரிய வாத்தியார், வயது தாண்டிவிட்டது, மற்ற பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். நான் கரும்புத் தோகை உரிக்கப் போனேன். செங்கல் நிறம் போகச் சில வருடம் ஆனது.

என்னை நெட்டப்பாக்கம் பக்கம் மனைவியை இழந்தவர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் இறந்த பிறகு மகனோடு நம் ஊருக்கே திரும்பினேன். மகனுக்கு வயிற்றில் ஒரு கை அகலம் வெள்ளை. சட்டைக்குள் போய்விட்டது. நானும் அம்மா மாதிரியே வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா செத்தபோது குளிப்பாட்டத் துண்டை அவிழ்த்தார்கள். கடைசி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்ததால் மழிக்கவில்லை. முடி வளர்ந்திருந்தது. முன்நெற்றியில், எனக்கு இருக்கும் அதே இடத்தில், அதே அகலத்துக்கு வெள்ளை. தாடியும் மற்ற முடியும்கூட நரைத்திருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் முடியை விலக்கித் தோலைப் பார்த்தேன். தோலும் வெள்ளை. என்னை அழச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மனிதர் பெரிய வாத்தியார் அறை வாசலில் துண்டை அவிழ்த்து, "இது எனக்கும் கீது சார், நான் பொறந்ததுலேர்ந்து கீது" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அம்மாவைக் கட்டும்போது மறைத்ததை ஊர் முன்னால் காட்ட வேண்டும் என்ற பயம். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் செத்துவிட்டார். பெரிய வாத்தியார் உயிரோடு இருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என் பேத்திக்கு ஐந்து வயது. முன்நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடி, கீழே வெள்ளை. நாங்கள் மை தடவவில்லை. நம் பழைய பள்ளியிலேயே சேர்க்கப் போனான் என் மகன். டாக்டர் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். அது நியாயம்தான் என்று டவுனுக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பேத்தியின் முடியைப் பார்த்தாள். ஒரு நீல விளக்கை அடித்து வெள்ளையைப் பார்த்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

"பொறந்ததுலேர்ந்தே இருக்கா?"

"ஆமா."

"பெருசாச்சா, எடம் மாறுச்சா?"

"இல்ல."

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

மகன் சட்டையைத் தூக்கினான். அவள் என் பக்கம் திரும்பினாள். "பாட்டி, நீங்க தலைக்கு டை போடுறீங்களா?"

நான் புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிக் காட்டினேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒரு தாளில் கட்டமும் வட்டமும் போட்டு, நாலு தலைமுறைக்குக் கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் கறுப்புத் தீட்டினாள். அப்பா, நான், மகன், பேத்தி.

"இதுக்குப் பேரு பீபால்டிசம். ரொம்ப அபூர்வம். வெண்புள்ளிகூட இல்ல இது, வெண்புள்ளி அப்புறமா வரும், பரவும். இது கருவுல இருக்கும்போதே நிறம் குடுக்குற செல்லு அந்த எடத்துக்குப் போய்ச் சேராததால வர்றது. ஒட்டாது. மாத்திர எதுவும் வேணாம். வெள்ளையா இருக்குற எடத்துல வெயில் படாம பாத்துக்கோங்க. காது நல்லாக் கேக்குதான்னு ஒருதரம் பாத்துடலாம்."

அவ்வளவுதான். மூன்று கேள்வி. என்னிடம் அந்த மூன்றையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு வருட மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். "உங்களுக்குத் தொட்டா தெரியாதா என்ன?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அந்த வார்த்தையை ஒரு டாக்டரிடம் சொல்ல எனக்கு நாற்பது வருடம் ஆனது.

கடிதத்தோடு பள்ளிக்குப் போனோம். இப்போது இருக்கிற டீச்சர் படித்தாள். படித்துவிட்டுச் சொன்னாள், "லெட்டர் சரிதான். ஆனா ஊர்ல ஒத்துக்க மாட்றாங்களே. அந்தப் பாட்டிக்குப் பெரிய வியாதி இருந்துச்சின்னு பழைய ரெஜிஸ்டர்லயே கீது, அதே வூட்டுப் புள்ள, அதே வெள்ளன்னு நாலு பேரு வந்து சொல்லிட்டுப் போனாங்க. மீட்டிங்ல பேசிட்டுச் சொல்றோம்."

அந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியும். குழுவில் இருக்கிறீர்கள்.

அதாவது, பெரிய வாத்தியார் அன்றைக்குப் பதிவேட்டில் எழுதிய வரி இன்னும் வேலை செய்கிறது. டாக்டர் எழுதிய தாளைவிட அந்த வரிக்கு நம் ஊரில் மதிப்பு அதிகம். என் படிப்பைத் தின்றது. இப்போது ஐந்து வயதுப் பிள்ளையின் படிப்பைத் தின்ன வந்திருக்கிறது. அந்த மீன்காரிக்கு இருந்த வியாதி எனக்கு இருந்திருந்தாலும் அதில் அவமானம் எதுவும் இல்லை. மாத்திரை சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அதுவும் அவருக்குத் தெரியும். தோல் பார்க்க வந்தவரே சொல்லிவிட்டுத்தான் போனார்.

மகன் வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நான் எந்த வாசலிலிருந்து அனுப்பப்பட்டேனோ அந்த வாசல் வழியாகத்தான் அவள் போவாள்.

மணி அடித்தவளே, இந்தக் குழுவை ஆரம்பித்ததும் நீதான், போட்டோ போட்டதும் நீதான். நீ வாசலில் நின்றாய். நான் சொன்னதைக் கேட்டாய். அவர் சொன்னதையும் கேட்டாய். அன்றைக்கு உன் வாயிலும் விரல் இருந்தது, சரி. இன்றைக்கு எடு.

பெரிய வாத்தியார் அவர்களே. உங்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஞாபகம் இருக்காது என்று யாராவது குறுக்கே வருவார்கள். எல்லார் பெயரையும் அப்பா பெயரோடு ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று இதே குழுவில்தான் புகழ்ந்திருக்கிறார்கள். அதனால் என்னையும் ஞாபகம் இருக்கும்.

விழாவுக்கு நான் வருவேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன். அவள் தலையில் பூ மட்டும் இருக்கும், மை இருக்காது. சால்வை போட்ட பிறகு உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். ஊர் இருக்கும், இப்போதைய டீச்சர் இருப்பாள், அந்த நாலு பேரும் இருப்பார்கள். தொட்டது தெரிந்தது சார் என்று நான் உங்களிடம் வந்து சொன்னேனா, இல்லையா? சொன்ன பிறகும் தெரியவில்லை என்று என் அப்பாவிடம் சொன்னீர்களா, இல்லையா?

எனக்குத் தனியாக வீட்டில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.